மஞ்சள் துணி முடிச்சு

சிறுவாடு என்ற சொல்லை என் மகள் கேட்டதே இல்லை என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. கல்யாணம் நிச்சயமாகி, வாங்க வேண்டிய சாமான்களுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம். "எது எப்படியோ, கையில் கொஞ்சம் சிறுவாடு வச்சுக்கோ" என்றேன். "அப்படின்னா என்னம்மா?" என்றாள். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து அவசரத்துக்கென்று பெண்கள் ஒதுக்கி வைக்கிற காசு என்று சொன்னேன். "ஓ, எமர்ஜென்சி ஃபண்டா? ஆறு மாதச் செலவுக்கு இருக்கணும்னு ஆபீஸ்ல சொல்லிக் குடுத்தாங்க" என்றாள்.

அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது சரிதான். ஆனால் அம்மாவின் சிறுவாட்டுக்கு அளவு மாதக் கணக்கில் கிடையாது. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ராத்திரியில் ஒரு கார் வைத்துக்கொண்டு போக எவ்வளவு ஆகுமோ, அதுதான் அவள் அளவு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகும்போதெல்லாம் டாக்ஸிக்காரர்களிடம் வாடகை விசாரிப்பாள். எங்கேயும் போகப் போவதில்லை என்று தெரிந்தும் அவர்கள் சொல்வார்கள். வாடகை ஏறினால் சிறுவாடும் ஏற வேண்டும்.

எங்கள் வீட்டில் தறி. அப்பாவுக்குச் சனிக்கிழமை கூலி. அரிசிக் கடை, நூல் கடன், பள்ளிக்கூட நோட்டு என்று திங்கட்கிழமைக்குள் அது கரைந்துவிடும். அம்மாவின் காசு வேறு இடங்களிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டுத் தறிகளுக்கு நூல் தார் சுற்றிக் கொடுப்பாள். அதற்குச் சில்லறையாகக் கிடைக்கும். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிப் பானைக்குத் திருப்பிவிடுவாள். கடை அரிசி தீர்ந்துபோகும் வாரத்தில் பானை அரிசி பொங்கும். அந்த வாரத்து அரிசிக் காசு மிஞ்சும். காஞ்சிப் பெரியவர் ஊர் ஊராகப் பிடியரிசி எடுத்து வைக்கச் சொன்னது அன்னதானத்துக்காக. அம்மா செய்தது வீட்டுக்காக. இரண்டிலும் கை ஒன்றுதான், உலைக்குப் போகிற வழியில் ஒரு கணம் நின்று திரும்புகிற கை.

சேர்த்ததை மஞ்சள் துணியில் முடிந்து, கடுகு டப்பாவுக்குள் கடுகுக்கு அடியில் வைத்திருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒன்றேகால் ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து, இருக்கன்குடி மாரியம்மனுக்கு என்று நேர்ந்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த முடிச்சில் யாரும் கை வைக்க மாட்டார்கள். கடன்காரன் வாசலில் நின்றாலும், அடுப்பு எரியாவிட்டாலும் அது சாமி காசு. அம்மா அந்த வேலியைத்தான் தன் சேமிப்புக்குப் போட்டிருந்தாள். சித்தப்பா கைமாத்து கேட்டு வந்தால் "கையில ஒண்ணும் இல்லப்பா" என்பாள். அது உண்மை. கையில் இருப்பது வேறு, முடிந்து வைத்திருப்பது வேறு.

1984இல் ஒரு வியாழக்கிழமை ராத்திரி. தம்பிக்கு ஏழு வயது. சாயங்காலம் வயிற்று வலி என்று சுருண்டவன், பத்து மணிக்கு வலது பக்கம் தொட்டாலே அலறினான். தெருக்கோடி டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "குடல்வால் மாதிரி இருக்கு. விடிய வைக்காதீங்க, மதுரைக்குக் கொண்டு போயிடுங்க" என்றார். அப்பா வாசலில் அப்படியே நின்றார். கூலிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. முதலாளி வீட்டுக் கதவைத் தட்டலாமா என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

அம்மா அடுக்களைக்குள் போனாள். சிமினி விளக்கோடு நானும் பின்னால் போனேன். டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள். கடுகு நான்கு பக்கமும் ஓடியது. வருடக்கணக்கில் இறுக்கி இறுக்கிப் போட்ட முடிச்சு அவிழவில்லை. நகத்தால் முடியாமல் பல்லால் கடித்து இழுத்தாள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நோட்டுகள் சுருட்டு மாதிரி சுருண்டு இருந்தன. நடுவில் ஒரே ஒரு ஐம்பது. மீதி காசுகள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருக்க அவள் எண்ணினாள். உதடு மட்டும் அசைந்தது. முந்நூற்று நாற்பது ரூபாய். "இந்தாங்க" என்று துணியோடு அப்பா கையில் வைத்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை.

அம்பாசிடர் வந்தது. டிரைவர் பெட்ரோலுக்கு முன்பணம் கேட்டார். அப்பா துணியைப் பிரிப்பதைப் பார்த்து அம்மாவிடம், "சாமி காசாக்கா?" என்றார். "ஆமாய்யா, எடு" என்றாள். விடிகாலையில் ஆபரேஷன் நடந்தது. அரசு ஆஸ்பத்திரி, அதற்குக் காசில்லை. வெளியில் வாங்கிய மருந்துக்கும் காருக்கும் சாப்பாட்டுக்கும் மீதி போயிற்று. தம்பிக்கு இன்று இரண்டு பிள்ளைகள்.

வெகுநாள் கழித்து அம்மாவிடம் கேட்டேன், சாமிக்கு என்று சொல்லி நாமே எடுத்துக்கொண்டது தப்பில்லையா என்று. "ஆத்தாளுக்கு முடிஞ்சதுதான். பிள்ளையைக் காப்பாத்தத்தானே அவ இருக்கா" என்றாள். ஆனாலும் தம்பி வீடு திரும்பியதும் ஐந்தேகால் ரூபாயை இருக்கன்குடி உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். அடுத்த சனிக்கிழமை, பொறுக்கி எடுத்த கடுகோடு அதே துணி, அதே டப்பா. உள்ளே ஒரு ரூபாய்.

புருஷனுக்குத் தெரியாமல் ஒளிக்கிற காசு என்று சிறுவாட்டைக் கேலி பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. யாரிடமிருந்து ஒளித்தாள்? அன்றாடத்திடமிருந்து ஒளித்தாள். இருப்பது தெரிந்த காசுக்குத் தினம் ஒரு செலவு வரும். அவளுக்கே ஆசைகள் இருந்தன. ஒரு சின்னாளப்பட்டிச் சேலையைக் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு நடந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

2016 நவம்பர் 8 ராத்திரி, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது என் மனம் நேராக அந்த டப்பாவுக்குத்தான் போனது. மறுநாள் அம்மா துணியோடு வந்து என் முன்னால் பிரித்தாள். ஆயிரம் ரூபாய் நோட்டுகள் பதினாறு. வங்கியில் மாற்றிக்கொள்ளும் வரம்பு 4,000, 4,500 என்று மாறி 2,000க்கு இறங்கியிருந்த நாளில் வரிசையில் நின்று இரண்டு நோட்டை மாற்றினோம். விரலில் மை வைத்தார்கள். கைக்கு வந்தது ஒரே ஒரு புது இரண்டாயிரம் ரூபாய்த் தாள். அதற்குச் சில்லறை தர ஊரில் ஆளில்லை. மீதியை அவள் கணக்கில் போடப் போனபோது, "இவ்வளவு காசு ஏது பாட்டி?" என்று கவுண்டரில் கேட்டார்கள். இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் வரை போட்டால் கேள்வி இல்லை என்று அரசு சொல்லியிருந்தது. ஆனாலும் கேட்டார்கள். அம்மா பதில் சொல்லவில்லை. முப்பது வருடம் தார் சுற்றியதை ஒரு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எப்படிச் சொல்வது? அன்று அவளைத் தலை குனிய வைத்ததை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

முழுவதையும் வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது என்று அன்று புரிந்தது. டப்பாவில் காசு வளராது. அன்றைய முந்நூற்று நாற்பதுக்கு இன்று மதுரை வரை கார் போகாது. பெரும் பகுதி தபால் ஆபீஸிலோ வங்கியிலோ இருக்கட்டும். ஆனால் கொஞ்சம் கையிலும் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மின்சாரம் போய், செல்போன் செத்து, ஏடிஎம் மூடிக் கிடந்ததே, அப்போது பால் வாங்கித் தந்தது கையில் இருந்த தாள்தான்.

2023 செப்டம்பரில் தமிழக அரசின் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் பெண்கள் பெயரிலேயே வரத் தொடங்கியது. எதிர்வீட்டுக்காரி அதில் இருநூறை மட்டும் தொடுவதே இல்லை. "அது என் சிறுவாடுக்கா" என்கிறாள். அந்தச் சொல் இன்னும் தெருவில் இருக்கிறது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மகளுக்கு ஒரு மஞ்சள் துணி தைத்து வைத்திருக்கிறேன். நீங்களும் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ராத்திரியில் போக இன்றைக்கு என்ன வாடகை என்று விசாரியுங்கள். இந்த மாதம் அதில் ஒரு பங்கையாவது முடிந்து வையுங்கள்.