ஸ்டெய்த்ஸ் டூ விட்பி: நடையும் கொஞ்சம் பஸ்ஸும்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர்கிட்ட இருந்து ஒரு மெயில். ப்ராஜெக்ட் இந்த மாசக் கடைசியோட முடியுதாம், அடுத்த மாசம் நான் ஊருக்குத் திரும்பணுமாம். ஆறு வரி, அதுல ரெண்டு வரி நன்றி. சனிக்கிழமை ரூம்ல இருந்தா அதையே திரும்பத் திரும்பத் திறந்து படிப்பேன்னு தெரியும். அதனால புளிசாதம் கட்டிக்கிட்டு கடலோரமா நடக்கக் கிளம்பிட்டேன்.

நான் இருக்கிறது வடகிழக்கு இங்கிலாந்துல மிடில்ஸ்பரோ. அப்பா ஊர்ல எல்லார்கிட்டயும் 'பையன் லண்டன்ல இருக்கான்'னு சொல்லி வெச்சிருக்கார். லண்டனுக்கும் இதுக்கும் ரோட்ல கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். மறுத்துச் சொல்லி அலுத்துப் போய் விட்டுட்டேன்.

சால்ட்பர்ன் வழியா விட்பிக்குப் போற எக்ஸ் 4 பஸ் ரூட்லதான் ஸ்டெய்த்ஸ், ரன்ஸ்விக் பே, சாண்ட்ஸெண்ட்னு கடலோரக் கிராமங்கள் வரிசையா இருக்கு. கார் இல்லாத என்னை மாதிரி ஆளுக்கு இது பெரிய வசதி. ஒரு ஊர்ல இறங்கி, நடந்து, வேற ஊர்ல ஏறிக்கலாம். கார் வெச்சிருக்கிறவன் நிறுத்தின இடத்துக்கே திரும்பி வரணும், பாவம் :-) டிக்கெட் 3 பவுண்ட். 2025 ஜனவரியில இருந்து இங்கிலாந்துல பெரும்பாலான பஸ்ல ஒரு சிங்கிளுக்கு அதிகபட்சம் அவ்வளவுதான், அடுத்த ஸ்டாப்ல இறங்கினாலும் சரி, கடைசி ஸ்டாப் வரைக்கும் போனாலும் சரி.

இந்த மாதிரி விவரமெல்லாம் எனக்கு எதுக்குன்னா, அப்பா கேட்பார். அவர் 31 வருஷம் அரசு பஸ்ல கண்டக்டர், முக்கால்வாசி வேதாரண்யம் பக்கத்து ரூட்டுதான். நான் இங்க வந்த முதல் வாரம் போன்ல கேட்ட முதல் கேள்வி, "அங்க ஸ்டேஜ் எப்படிப்பா பிரிச்சிருக்கான்?" கண்டக்டரே கிடையாது, டிரைவரே டிக்கெட் கொடுக்கிறார்னு சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. இறங்கும்போது எல்லாரும் டிரைவருக்கு தேங்க்யூ சொல்லிட்டு இறங்குறாங்கன்னு சொன்னப்ப மட்டும் சிரிச்சார். "எனக்கு ஒருத்தனும் சொன்னதில்லடா. பாக்கி சில்லறை எங்கன்னுதான் கேட்டிருக்கான்."

ஸ்டெய்த்ஸ்ல பஸ் மேட்டுல நிக்கும். அங்கிருந்து சரிவுல இறங்கினா ரெண்டு பாறைக்கு நடுவுல சிவப்பு ஓட்டு வீடுகள், சின்னதா ஒரு துறை. ஸ்கூல்ல படிச்சோமே கேப்டன் ஜேம்ஸ் குக், அவர் 1745ல பதினாறு பதினேழு வயசுல இங்கதான் ஒரு கடையில வேலைக்குச் சேர்ந்தார். ஒன்றரை வருஷம் பொட்டலம் கட்டிட்டு, கப்பல் ஆசையில விட்பிக்குப் போயிட்டார். அந்தக் கடை இப்ப இல்லை, கடல் கொண்டு போயிடுச்சு.

இந்தக் கரை முழுக்க இதே கதைதான். நடக்கிற பாதை பாறை விளிம்பை ஒட்டியே போகுது, அங்கங்க வேலி சரிஞ்சு அந்தரத்துல தொங்குது. ஒரு மணி நேரத்துக்கு மேல நடந்தா ரன்ஸ்விக் பே. 1682ல ஒரு ராத்திரி இந்த ஊரே மண்சரிஞ்சு கடலுக்குள்ள போச்சாம். ஒரு துக்க வீட்டுல ஊர்க்காரங்க விழிச்சிருந்ததால எல்லாரும் தப்பிச்சாங்கன்னு சொல்றாங்க. செத்தவர் ஊரைக் காப்பாத்தியிருக்கார்.

இங்கதான் ஐயா மாட்டினேன். ரன்ஸ்விக்ல இருந்து பாதை கடற்கரை மணல்ல இறங்கி, அடுத்த மேட்டுக்கு ஒரு ஓடை வழியா ஏறும். நான் போனப்ப மணலே இல்லை, அலை பாறையடியில வந்து மோதிட்டு இருக்கு. பொட்டி தட்டுற வேலைக்கு ஆயிரம் செக்லிஸ்ட் போடுறவன், கடல் எப்ப ஏறும் எப்ப வத்தும்னு பார்க்காம வந்திருக்கேன். ஷூவைக் கழட்டிட்டு இறங்கிடலாமான்னு நின்னப்ப, நாயோட வந்த ஒரு பாட்டி, "வேண்டாம் லவ், ஒன்றரை மணி நேரம் உட்காரு, அதுவே வழிவிடும்"னாங்க. (இந்தப் பக்கம் பாட்டிகள் எல்லாரையும் 'லவ்'னுதான் கூப்பிடுவாங்க. முதல் தடவை கேட்டப்ப நான் வெட்கப்பட்டேன், ஹி ஹி.) கடற்கரைக் குகைகளைக் காட்டி, அந்தக் காலத்துல கக்குவான் இருமல் வந்த குழந்தைகளைத் தாய்மார்கள் அங்க தூக்கிட்டுப் போவாங்க, உள்ளே இருக்கிற குட்டிப் பூதத்துக்கிட்ட குணப்படுத்தச் சொல்லிக் கேட்பாங்கன்னு சொன்னாங்க. நம்ம ஊர்ல மந்திரிச்சுக் கயிறு கட்டுற மாதிரிதான்.

படகு இறக்குற சரிவுல உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டேன். ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தா என்ன ஆகும்? மெயில் ஞாபகம் வந்துடுச்சு. 2018 நவம்பர்ல கஜா புயல் வீட்டு ஓட்டை மொத்தமா தூக்கிட்டுப் போச்சு. அப்புறம் தளம் போட்டுக் கட்டின கடன் இன்னும் இருக்கு. பவுண்ட்ல வந்த பணம்தான் அதை அடைச்சிட்டு இருந்தது. இனி இந்திய சம்பளம், அதுவும் அடுத்த ப்ராஜெக்ட் கிடைக்கிற வரைக்கும் பெஞ்ச். இப்பெல்லாம் பெஞ்ச்ல ரொம்ப நாள் உட்கார விடுறதில்லை, வாசலைக் காட்டிடறாங்க. அப்பாகிட்ட இப்பச் சொல்ல வேண்டாம், அடுத்த ஆணி கிடைச்சதும் சொல்லிக்கலாம்னுதான் வெள்ளிக்கிழமையே முடிவு பண்ணியிருந்தேன்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நான் ஆறாவது படிக்கும்போது அப்பாவை மூணு மாசம் சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. செக்கர் ஏறினப்ப ரெண்டு பேர்கிட்ட டிக்கெட் இல்லை. ஏறின கூட்டத்துல அவங்களை இவர் பார்க்கலை, அவ்வளவுதான். ஆனா வீட்ல அவர் சொல்லவே இல்லை. தினம் காலையில காக்கிச் சட்டையைப் போட்டுக்கிட்டு டிபன் பையோட கிளம்பிடுவார். சம்பளம் குறைஞ்சதுக்கு 'லோன் பிடிக்கிறான்'னார். கூட வேலை பார்த்தவர் வீட்டம்மா சொல்லி அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. அவங்களும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கலை. ஒருநாள் ஆற்காட்டுத்துறைக்கு மீன் வாங்கப் போன சித்தி, அப்பா செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கடற்கரையில தனியா நடந்து போறதைப் பார்த்திருக்காங்க. கோடியக்கரை வரைக்கும் போயிருக்கார், பத்து கிலோமீட்டருக்கு மேல. அவர் ரிட்டயர் ஆன அன்னைக்குத்தான் அம்மா இதை எனக்குச் சொன்னாங்க. நான் அவர்கிட்ட இதுவரைக்கும் கேட்டதில்லை.

தண்ணி வழிவிட்டது. ஈர மணல்ல நடந்து, ஓடை வழியா மேலே ஏறினா மூச்சு வாங்குது. மேலே கெட்டில்னெஸ், நாலஞ்சு வீடுதான். எட்டிப் பார்த்தா கீழே கடலுக்குள்ள நீட்டிட்டு இருக்கிற மொட்டை நிலம், புல் பூண்டு இல்லாம செவ்வாய் கிரகம் மாதிரி கிடக்கு. படிகாரம் எடுக்கத் தோண்டித் தோண்டி இப்படி ஆயிருக்கு. நம்ம வீட்டு வாசல்ல கண் திருஷ்டிக்குக் கறுப்புக் கயித்துல தொங்கவிடுறோமே, அதே படிகாரம்தான். இங்க கம்பளித் துணியில சாயம் ஒட்டறதுக்கு அது வேணும். பாறையை மாசக்கணக்குல எரிச்சு, தண்ணியில ஊறவெச்சு, அந்தத் தண்ணியைக் காய்ச்சி, கடைசியா சிறுநீர் சேர்ப்பாங்களாம். உள்ளூர் சரக்கு போதாம லண்டன்ல இருந்து கப்பல்ல வரவழைச்சிருக்காங்க, நிஜமா! பதம் வந்துடுச்சான்னு பார்க்க முட்டையைப் போட்டுப் பார்ப்பாங்க, மிதந்தா சரி. 1829 டிசம்பர்ல ஒரு ராத்திரி பாறை சரிஞ்சு வீடுகளும் ஆலையும் கடலுக்குள்ள போக, படிகாரம் ஏத்த வந்து நின்ன கப்பல்ல ஏறி ஜனங்க தப்பிச்சிருக்காங்க. அப்புறம் திரும்ப ஆலை கட்டி, 1871 வரைக்கும் ஓட்டியிருக்காங்க. அதுக்கப்புறம் இந்தத் தொழிலையே யாரும் தேடலை. ரசாயனத்துலயே மலிவா செய்யக் கத்துக்கிட்டாங்க.

அங்கிருந்து சாண்ட்ஸெண்டுக்கு இறங்குற பாதையில கடைசித் துண்டு பழைய ரயில் தடம். 1883ல போட்டு 1958ல மூடினது. தண்டவாளம் இல்லை, குகை வாயை அடைச்சு வெச்சிருக்காங்க.

சாண்ட்ஸெண்ட் வந்தப்ப இடது குதிகால்ல கொப்புளம். கண்ணு முன்னாடியே எக்ஸ் 4 கிளம்பிப் போயிடுச்சு. அவ்வ்வ். கடற்கரை ஓரமாவே நடந்தா விட்பி அஞ்சு கிலோமீட்டர் கூட இல்லை, தூரத்துல மேட்டு மேல அந்த இடிஞ்ச மடாலயம் தெரியுது. ஆனா கால் ஒத்துழைக்கலை. தடுப்புச் சுவர்ல உட்கார்ந்தேன். மணி நாலு, ஊர்ல எட்டரை, அப்பா சாப்பிட்டு முடிச்சிருப்பார். போன் பண்ணிட்டேன்.

"ப்ராஜெக்ட் முடியுதுப்பா. அடுத்த மாசம் ஊருக்கு வந்துடுவேன். அப்புறம் எப்படின்னு தெரியலை."

டிவி சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் அதையும் குறைச்சார்.

"எப்பத் தெரியும்?"

"நேத்து."

"ம்ம். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். கடனைப் பார்த்துக்கலாம், பென்ஷன் வருதுல்ல. இப்ப எங்க இருக்க, காத்துச் சத்தமா கேட்குது?"

கடற்கரையில நடந்தேன்னு சொன்னேன். எவ்வளவு தூரம், எங்க ஏறி எங்க இறங்கினேன்னு கேட்டார், சொன்னேன். அப்புறம் எனக்கே தெரியாம வாயில வந்துடுச்சு.

"அப்பா, அப்ப கோடியக்கரைக்கு நடந்து போனீங்களே, திரும்பி எப்படி வந்தீங்க?"

ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. கட் ஆயிடுச்சோன்னு போனைப் பார்த்தேன்.

"நம்ம வண்டியிலதான். தெரிஞ்ச பையன் டூட்டி. வேண்டாம் அண்ணே, ஏறுங்கன்னான். நான் டிக்கெட் எடுத்துட்டுத்தான் உட்கார்ந்தேன்."

அதுக்குள்ள வளைவுல அடுத்த பஸ் தெரிஞ்சது. பஸ் வருதுப்பா, அப்புறம் பேசறேன்னேன்.

"ஏறு, ஏறு. படியில நிக்காத."