சாவி எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும் சித்தி!

எங்கள் ஊர் தென்காசி மாவட்டம் பண்பொழி. திருமலைக்கோயில் மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு. மேக்கரை பக்கமிருந்து காட்டுப்பன்றி வரும், சில ராத்திரி யானையும் வரும். அதனால் அப்பாவிடம் லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. "சுடுறதுக்கு இல்ல, சத்தம் காட்டத்தான்" என்பார்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அது பட்டாசாலைச் சுவரில் ஆணியில் தொங்கும். ஒருநாள் நானும் பெரியம்மா பையனும் ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்கிவிட்டோம். கனம் தாங்காமல் நான் பின்பக்கத்தைப் பிடிக்க, அவன் குழலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடுப்படியிலிருந்து வந்த அம்மா பார்த்து ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்... தோப்பிலிருந்து ஓடிவந்த அப்பா, வாங்கி மடக்கித் திறந்தார். உள்ளே தோட்டா இருந்தது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி எங்கள் இருவருக்கும்தான் விழுந்தது. தோட்டாவோடு மாட்டி வைத்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து, அலுவலகத்தில் அமெரிக்கப் பள்ளித் துப்பாக்கிச்சூடு செய்தி ஒன்றை எழுதும்போது இது ஞாபகம் வந்தது. அங்கே 1988 முதல் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கழுகு பொம்மையை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். துப்பாக்கியைப் பார்த்தால் நில், தொடாதே, அங்கிருந்து ஓடு, பெரியவரிடம் சொல். அவ்வளவுதான் பாடம். நல்ல பாடம். ஆனால் படித்த பிள்ளைகளை ஆய்வாளர்கள் சோதித்தபோது பலர் அழகாக ஒப்பித்தார்கள். தனியறையில் துப்பாக்கி கிடந்தபோது எடுத்துப் பார்த்தார்கள். சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது, செய்யவைத்துப் பழக்க வேண்டும் என்றது ஆய்வு.

போன லீவில் அக்கா மகனிடம் இதைச் செய்து பார்த்தேன். இரண்டாம் வகுப்பு. "தொடக்கூடாது, தாத்தாகிட்ட சொல்லணும்" என்று கடகடவென்று சொன்னான். தீபாவளிக்கு வாங்கிய பொட்டுவெடித் துப்பாக்கியைக் கட்டிலில் போட்டுவிட்டு மறைந்து நின்றேன். ஐயா வந்தார், எடுத்தார், பூனையைக் குறி பார்த்தார். "பொம்மைதானே சித்தி!" நியாயம்தான். ஆனால் மூன்றாம் வகுப்பில் எங்களுக்கும் அது நிஜமாகத் தெரியவில்லையே. நாலைந்து தடவை வெவ்வேறு அறையில் வைத்துப் பழக்கினேன். கடைசியில் தொடாமல் ஓடிவந்து சொன்னான்.

துப்பாக்கி இல்லாத வீட்டுக்காரர்கள் நமக்கென்ன என்று நகர வேண்டாம். 2020 ஜூனில் திருச்சி மாவட்டம் தொட்டியம் அருகே, மீன் பிடிக்க வாங்கி வந்து மிச்சமிருந்த வெடியைத் தின்பண்டம் என்று கடித்த 6 வயதுப் பையன் இறந்துபோனான். அந்த வயதில் எது கிடந்தாலும் கை போகும். காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் பற்றி மலையோரப் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே சொல்ல வேண்டும் என்பேன்.

அப்பா இப்போது மாறிவிட்டார். துப்பாக்கி இரும்பு பீரோவில், பூட்டி. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுவார். அந்தப் பெருமையில் பேரனிடம், "தாத்தா எவ்வளவு பத்திரமா வச்சிருக்கேன் பாத்தியால?" என்றார்.

"ஆமா தாத்தா. சாவி முருகன் படத்துக்குப் பின்னாடிதானே இருக்கு?"

அப்பா ஒன்றும் பேசவில்லை. படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்து இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார். தோட்டாக்களைத் தனியாக ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி, அந்தச் சாவியை அம்மாவிடம் கொடுத்தார்.

சாயங்காலம் பையன் அம்மாவிடம் போய்க் குழைந்தான். "ஆச்சி, எங்க வச்சிருக்கீங்க?"

"போல அங்கிட்டு. ஒங்க தாத்தாகிட்டயே சொல்லல."