முன்னால் நிற்கும் சுழியம்

மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது என்றால் மாணவர்களாகிய நமக்குக் கொண்டாட்டம். என்ன புதிதாக வந்திருக்கிறது என்று தேடிப் பார்ப்போம். மாதா மாதம் அதே கோப்பில் சம்பளக் கணக்குப் போடுகிறவர்களுக்கு அது அப்படியல்ல. என் அம்மா கிள்ளானில் ஒரு லாரி நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறார். கடந்த ஆண்டு அவர் அலுவலகத்தில் பழைய எக்ஸெலை எடுத்துவிட்டு மைக்ரோசாப்ட் 365-ஐப் போட்டார்கள். "மறுபடியும் முதல்லேருந்து படிக்கணுமா?" என்று அன்று இரவு கேட்டார்.

அம்மாவுக்கு எக்ஸெல் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். வி-லுக்அப் சூத்திரத்தை அவர் போடும் வேகம் என் வகுப்பில் பலருக்கு வராது. அவருடைய தலைவலி வேறு. ஓட்டுநர்களுக்கும் கெலிண்டான்களுக்கும் டிரிப் காசு கணக்கிட அடையாள அட்டை எண்ணை வைத்துத்தான் பெயரைத் தேடுவார். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் ஐசி எண் சுழியத்தில் தொடங்கும், என்னுடையதும் அப்படித்தான். எக்ஸெல் அதை வெறும் எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் நிற்கும் சுழியத்தை விழுங்கிவிடும். 2000 மே மாதத்தில் பிறந்தவர் என்றால் மூன்று சுழியமும் போய்விடும். பிறகு தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். பட்டியலில் இளையவர்களின் வரிசையில் மட்டும் காசு வராது. "சின்னப் பையனுங்க, கேக்கக்கூட பயப்படுவானுங்க" என்று சொல்லி, ஒவ்வொரு எண்ணுக்கு முன்னும் மேற்கோள் குறி தட்டுவார். இப்படியே சில ஆண்டுகள்.

புதிய எக்ஸெலில் இதற்கு வழி இருக்கிறது. தானாகத் தரவை மாற்றும் வேலையை நிறுத்திவைக்கும் அமைப்பு 2023-இல் வந்தது. விருப்பங்களில் 'தரவு' பகுதிக்குப் போய், முன் சுழியத்தை நீக்குவதற்கான குறியை எடுத்துவிட்டால் போதும். ஏற்கெனவே தொலைந்த சுழியங்கள் இதனால் திரும்பி வரா. அவற்றுக்கு டெக்ஸ்ட் சூத்திரத்தில் பன்னிரண்டு சுழியங்களை வடிவமாகக் கொடுக்க வேண்டும். அது பழைய எக்ஸெலிலும் உண்டு.

அடுத்தது எக்ஸ்-லுக்அப். 2019-இல் அறிவிக்கப்பட்டது. வி-லுக்அப்பில் விடை எத்தனையாவது நெடுவரிசையில் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ண வேண்டும். நடுவில் யாராவது ஒன்றைச் செருகினால் விடை மாறிவிடும். தேடும் நெடுவரிசைக்கு இடப்பக்கம் இருப்பதை அது எடுத்துத் தராது. கடைசியில் 'ஃபால்ஸ்' போட மறந்தால் ஏறக்குறையப் பொருந்துவதைக் கொடுத்துவிடும். சம்பளத்தில் ஏறக்குறைய என்ன வேண்டிக் கிடக்கிறது! எக்ஸ்-லுக்அப் தானாகவே சரியான பொருத்தத்தைத்தான் தேடும்.

சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது எனக்கு மொழிதான் சிக்கலாக இருந்தது. இடைநிலைப்பள்ளியில் நான் இதையெல்லாம் மலாயில் படித்தேன்: ஹம்பாரான், லாஜுர், பாரிஸ். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம். தமிழ்ப்பள்ளியில் படித்தது ஆறாம் ஆண்டோடு நின்றுவிட்டது. அங்கே விரிதாள் என்ற சொல்லையே நான் கேட்டதில்லை. கடைசியில் மூன்று கேள்விகளாகச் சொன்னேன். எதைத் தேடுறோம்? எங்கே தேடுறோம்? எதைக் கொண்டு வரணும்? அம்மா இரண்டே முறையில் பிடித்துக்கொண்டார். கிடைக்காவிட்டால் என்ன எழுத வேண்டும் என்பதையும் இந்தச் சூத்திரத்திலேயே சொல்லலாம் என்றதும் முகம் மலர்ந்தது. அந்த இடத்தில் தமிழில் 'விசாரி' என்று போட்டார். அலுவலகத்தில் வேறு யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.

பிறகு அவர் கேட்டதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. "ஈப்போ கிளையில இன்னும் பழசுதானே வச்சிருக்காங்க. அங்க இது வேலை செய்யுமா?" என் தோழியின் மடிக்கணினியில் எக்ஸெல் 2016 இருந்தது. அதில் திறந்து பார்த்தோம். எண்கள் அப்படியே தெரிந்தன. சூத்திரத்தைத் தொட்டு மறுபடி கணக்கிடச் சொன்னதும் 'நேம்' என்ற பிழை வந்து நின்றது. எக்ஸ்-லுக்அப் எக்ஸெல் 2021-இலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் 365-இலும்தான் உண்டு.

அம்மா தயங்கவில்லை. கிள்ளான் கோப்புக்குப் புதிய சூத்திரம், ஈப்போவுக்கு அனுப்புவதற்கு வி-லுக்அப். சென்ற மாதச் சம்பளப் பட்டியலில் 'விசாரி' இரண்டு இடத்தில் வந்ததாம். ஒருவர் வேலையை விட்டுப் போனவர். இன்னொருவர் புதிதாகச் சேர்ந்த பையன். அவனைப் பட்டியலில் யாரும் சேர்க்கவே இல்லை. அன்று மாலையே யார்டுக்குத் தொலைபேசியில் பேசி, அவனுடைய ஐசி எண்ணைச் சுழியத்தோடு எழுதி வாங்கினார்.