மூன்றாம் அதிகாரம்

எங்கள் சபையில் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் சாட்சி சொல்ல நேரம் ஒதுக்குவார்கள். விபத்தில் தப்பியவர், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தவர், பல வருடம் காத்திருந்து பிள்ளை பெற்றவர் என்று ஒவ்வொருவராக எழுந்து வருவார்கள். கேட்க மனம் நிறையும். எல்லாச் சாட்சிக்கும் ஒரே அமைப்புதான்: துன்பம் வந்தது, ஜெபித்தோம், கர்த்தர் விடுவித்தார். அந்தக் கடைசிப் பகுதி இன்னும் நடக்காதவர்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அப்பாவுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்த பிறகு நாங்களும் அந்தப் பெஞ்சுக்காரர்கள் ஆனோம்.

டயாலிசிஸ் நோயைக் குணமாக்காது. வாரத்துக்கு மூன்று நாள், சுமார் நான்கு மணி நேரம், இரத்தத்தை வெளியே எடுத்து, வடிகட்டி வழியாகச் செலுத்தி, திரும்ப உடம்புக்குள் விடுவார்கள். சிறுநீரகம் ராப்பகலாகப் பார்க்கிற வேலையில் ஒரு பங்கைத்தான் அந்த இயந்திரம் செய்யும். வீடு திரும்பியதுமே நீரும் உப்பும் மறுபடி சேரத் தொடங்கிவிடும். குடிக்கிற தண்ணீருக்கு அளவு. இளநீரும் வாழைப்பழமும் கூடாது, பொட்டாசியம் ஏறிவிடும். “எப்போ முடியும்?” என்று விசாரிக்கிறவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு தேதி இல்லை.

பார்க்க வந்தவர்கள் அன்போடுதான் வந்தார்கள். அப்பா தொடக்கூடாத ஆரஞ்சுப் பழங்களோடு ஒரு வாக்குத்தத்த வசனமும் கொண்டுவந்தார்கள். “விசுவாசமா இருங்க அண்ணாச்சி, அற்புதம் நடக்கும்” என்பார்கள். அப்பா தலையாட்டுவார். அவர்கள் போனதும் அம்மாவைப் பார்த்து, “விசுவாசம் இல்லாமலா வாரம் மூணு தடவை ஊசிக்குக் கையை நீட்டுதேன்?” என்று கேட்பார்.

அந்த நாட்களில் அப்பா வாசிக்கச் சொன்னது புலம்பல் புத்தகத்தை. ஐந்தே அதிகாரம். கி.மு. 586-இல் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை வீழ்த்தி ஆலயத்தைக் கொளுத்தியபின் பிறந்த பாடல்கள். எரேமியா பாடியது என்பது மரபு. முதல் நான்கும், நம் ஆத்திசூடியைப் போல, எழுத்து வரிசையில் அமைந்தவை. எபிரெயத்தில் 22 எழுத்துகள். ஆகவே 22 வசனங்கள். மூன்றாம் அதிகாரத்தில் மட்டும் எழுத்துக்கு மூன்றாக 66. ஊரே சரிந்து கிடக்கும்போது அந்தக் கவிஞனின் கைக்குள் அடங்கியது எழுத்து வரிசை ஒன்றுதான் போலும். அதைப் பிடித்துக்கொண்டு ஒன்று விடாமல் அழுது தீர்க்கிறான்.

கர்த்தருடைய இரக்கம் ஓயவில்லை, அது காலைதோறும் புதிதாகிறது என்று நம் வீட்டுச் சுவர்க் காலண்டர்களில் அச்சாகிற நம்பிக்கை இந்த மூன்றாம் அதிகாரத்தில்தான் வருகிறது. புத்தகத்தின் நட்டநடுவே. அதற்குப் பிறகு விடுதலை வரும் என்று எதிர்பார்த்துப் பக்கத்தைப் புரட்டினால், நான்காம் அதிகாரத்தில் தாகத்தால் நாக்கு ஒட்டிப்போன குழந்தைகள். ஐந்தின் முடிவில், எங்களை ஒரேயடியாகத் தள்ளிவிட்டீரோ என்ற தவிப்பு. அழிவு தீர்ந்தபின் எழுதிய நன்றி அல்ல அந்த நம்பிக்கை. முன்னும் பின்னும் அழுகை இருக்க, இடையில் நின்று சொன்னது. அப்பாவுக்கு ஒத்துப்போனதும் அதனால்தான். அவர் இருந்ததும் நடுவில்தானே!

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் இப்படி நடுவிலிருந்து எழுதியவர் ஒருவர் உண்டு. தேவதாசி முறைக்கு விடப்பட இருந்த சிறுமிகளைக் காப்பாற்றி வளர்த்த ஏமி கார்மைக்கேல், 1931-இல் கீழே விழுந்து காயப்பட்டார். 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். சுகமாக இருப்பவர்கள் எழுதும் ஆறுதல் நோயாளியை எட்டுவதில்லை என்பதை அவர் படுக்கையில் உணர்ந்தார். நோயாளிகளுக்கு ஒரு நோயாளியாகவே எழுதினார். எழுந்து நடந்தபின் எழுதுவோம் என்று காத்திருந்தால் அந்தப் பக்கங்கள் நமக்குக் கிடைத்திருக்காது.

கடவுள் உண்மையுள்ளவர் என்பதை அப்பா எதில் கண்டார் என்று யோசித்துப் பார்க்கிறேன். பெரிதாக எதிலும் இல்லை. விடியுமுன் வாசலுக்கு வந்துவிடும் ஆட்டோக்காரரில். நரம்பு தேடித் தடவி, வலிக்காத இடம் பார்த்து ஊசி ஏற்றிய நர்ஸில். பக்கத்துக் கட்டிலில் ஒரு பாய் இருந்தார். பஜ்ர் தொழுதுவிட்டு வருவார். ஒருவர் வரத் தாமதமானால் மற்றவர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். “இன்னைக்கு உள்ளது இன்னைக்கு வந்துட்டு” என்பார் அப்பா. நாளைக்கு என்று எதையும் சேர்த்துவைக்க முடியாத உடம்புக்கு, காலைதோறும் புதிதாகும் இரக்கம் அளவாகவே இருந்தது.

சில நாள் கடவுளோடு சண்டையும் போட்டார். “ஏன்?” என்று அவர் கேட்டது எங்கள் காதில் விழுந்திருக்கிறது. அதை விசுவாசக் குறைவு என்று நான் எண்ணவில்லை. கேட்க ஆளில்லை என்று முடிவுகட்டியவன் ஏன் என்று கேட்கமாட்டான்.

ஆலயம் இடிந்த நாளை நினைத்து யூதர்கள் ஆப் மாதம் 9-ஆம் நாள் உபவாசம் இருந்து, தரையில் அமர்ந்து, புலம்பலை வாசிக்கிறார்கள். முடிக்கும்போது கடைசி வசனத்தோடு நிறுத்துவதில்லை. எங்களை உம்மிடம் திருப்பிக்கொள்ளும் என்று மன்றாடும் அதற்கு முந்தைய வசனத்தை மறுபடி சொல்லியே முடிக்கிறார்கள். தவிப்பை அவர்கள் புத்தகத்திலிருந்து வெட்டியெறியவில்லை. முழுக்க வாசித்துவிட்டுத்தான் ஜெபத்துக்குத் திரும்புகிறார்கள். துன்பத்தில் நம்பிக்கை என்று நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். பதில் கைக்கு வரவில்லை என்பதற்காகப் பேச்சை முறித்துக்கொள்ளாமல் இருப்பது.