கடிக்குமா?

நாயைக் குளிப்பாட்ட ஒரு கடை, அதன் முடியைத் திருத்த ஒரு கடை என்று சொல்லியிருந்தால் நம் பாட்டன்மார் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அவர்கள் காலத்து நாய் முல்லைப் பெரியாற்று வாய்க்காலில் தானே இறங்கிக் குளித்தது. கரையேறி ஓர் உதறு உதறி, பக்கத்தில் நின்றவரையும் குளிப்பாட்டிவிட்டது. செலவு ஒரு காசு இல்லை. இன்று தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் லாப்ரடாரும் பொமரேனியனும் பக்கும் வாசலைத் தாண்டி வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டன. நாய் கூடத்துக்கு வந்த பிறகு அதன் குளியல் ஒரு தொழிலாவது இயற்கைதானே? ‘குரூமிங்’ என்று அதற்குப் பெயர்.

அந்தத் தொழிலில் எனக்குப் பெரிதாகப் பட்டது கத்தரிக்கோல் அல்ல. முதன்முறை வருகிறவரிடம் நீட்டுகிறார்களே ஒரு காகிதம், அதுதான். நாயின் பெயர் என்ன, வயது என்ன, என்ன இனம், என்ன ஊசி போட்டிருக்கிறது, எந்த மருத்துவரிடம் காட்டுகிறீர்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று அடுக்கடுக்காகக் கேள்விகள். “பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை” என்று அலுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அலுப்பு நியாயம்தான். ஆனால் காகிதத்தை நிதானமாகப் படித்துப் பார்த்தால், ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஓர் உயிர் நிற்பது தெரியும்.

முகம் சப்பையான பக் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு வேர்ப்பதுபோல் நாய்க்கு உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். மூக்கும் மூச்சுக்குழலும் குறுகிய பக்குக்கு அதுவே பெரும்பாடு. அதைச் சூடான காற்று வீசும் பெட்டியில் அடைத்துவிட்டு மறந்துபோனால் என்ன ஆகும்? இனம் கேட்பது அதற்காக. வலிப்பு வரும் நாய், மூட்டு வலியுள்ள கிழட்டு நாய், காதில் சீழ் வைத்த நாய் இவற்றையெல்லாம் ஒரே மாதிரி தூக்கி நிறுத்தித் தண்ணீர் ஊற்ற முடியாது. நோய் கேட்பது அதற்காக. குட்டிகளை வாரிக்கொண்டுபோகும் பார்வோ வைரஸ் தரையிலும் சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. ஊசி கேட்பது, இந்த நாய்க்காக மட்டுமல்ல; நாளைக்கு அதே தரையில் வந்து நிற்கப்போகும் இன்னொருவர் வீட்டுக் குட்டிக்காகவும்தான்.

இனம் என்ற கட்டத்தில் எனக்கு ஒரு சிறு வருத்தம் உண்டு. இப்படிப்பட்ட காகிதங்கள் பெரும்பாலும் வெளிநாட்டு மாதிரியைப் பார்த்து எழுதப்படுகின்றன. அதனால் பட்டியலில் சீமைப் பெயர்கள் வரிசையாக இருக்கும். கடைசியில் ‘மற்றவை’ என்று ஒரு கட்டம் இருக்கும். உத்தமபாளையம் வட்டத்தில், மலையடிவாரத்தில் கோம்பை என்ற ஊர் இருக்கிறது. செம்பழுப்பு மேனியும் கரிய வாயுமாக, காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போன ஒரு நாய் இனம் அந்த ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, கோம்பைக்குக் கிடைக்கவில்லை. போகட்டும். பிறந்த பள்ளத்தாக்கிலேயே அது ‘மற்றவை’ ஆகலாமா?

இது வெறும் ஊர்ப்பற்று அல்ல. கோம்பை நாய்க்குக் குட்டை முடி. கத்தரிக்கு அங்கே வேலை குறைவு. தோட்டத்தில் காவல் காக்கும் நாயென்றால், காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி பார்ப்பதுதான் பெரிய வேலை. அதைவிட முக்கியம், அந்நியனைச் சந்தேகிப்பது அதன் குலத்தொழில். அதன் காலை முதன்முதலாகத் தொடப்போகிற கடைக்காரனைவிடப் பெரிய அந்நியன் அதற்கு யார்? ‘மற்றவை’ என்ற சொல் இதில் எதையும் அவனுக்குச் சொல்லாது.

இனி, கேள்விகளுக்கெல்லாம் ராஜாவான கேள்விக்கு வருவோம்: கடிக்குமா?

தேனியில் அப்படிப்பட்ட கடை ஒன்றில் ஒரு முற்பகல் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் தம் நாயோடு வந்தார். கடைப் பையன் காகிதத்தை வைத்துக்கொண்டு, “அய்யா, இது யாரையாச்சும் கடிச்சிருக்கா?” என்று கேட்டான்.

“நம்ம மணியா? பச்சப்புள்ள மாதிரிப்பா. ஒரு ஈ எறும்பக்கூடக் கடிச்சதில்ல.”

பையன் மறுத்துப் பேசவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “சரிங்கய்யா. எங்க தொட்டா இதுக்குப் பிடிக்காது?” என்றான்.

பெரியவர் முகம் மலர்ந்தது. “அதக் கேளு. பின்னங்காலத் தொட்டா மட்டும் ஆகாதுப்பா. போன மாசம் என் மருமகன் தொட்டுட்டு, பாவம், ஆஸ்பத்திரிக்கு நடையா நடந்து நாலு ஊசி போட்டுக்கிட்டான்.”

அவர் போனபின் பையன் என்னிடம் சொன்னான்: “அய்யா பொய் சொல்லலீங்க சார். வீட்டாள்களக் கடிச்சா அத யாரும் கடின்னு கணக்கு வெக்கிறதில்ல.”

எத்தனை பெரிய உண்மை, பாருங்கள்! ‘கடிக்குமா’ என்று கேட்டால் அது குற்றச்சாட்டாகக் காதில் விழுகிறது. பெற்ற பிள்ளையைக் காப்பதுபோல் உடையவர் நாயைக் காக்கப் புறப்பட்டுவிடுகிறார். ‘எதற்குப் பயப்படும்’ என்று கேட்டால் அதே மனிதர் நாயின் வக்கீலாக மாறி, ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறார். விடை ஒன்றுதான்; கேட்கிற விதத்தில் இருக்கிறது அது வெளியே வருவதும் உள்ளேயே தங்குவதும்.

இதில் விளையாட்டுக்கு இடமில்லை. மனிதருக்கு வரும் வெறிநாய்க்கடி நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயினால் வருவது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறிகுறி தெரிந்த பிறகு அனேகமாகப் பிழைப்பவர் இல்லை. ஆனால் வருமுன் காக்க வழி இருக்கிறது. 1885-இல் பாஸ்டரின் மருந்து பாரிஸில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. 1907-இல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் பெயரால் ஒரு நிலையம் வந்தது. கடிபட்டவுடன் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவுவதும், தாமதிக்காமல் ஊசிக்குப் போவதும் உயிரைக் காக்கும். இவற்றுக்கெல்லாம் முந்திய காவல், நாய்க்கே காலத்தில் ஊசி போட்டு, எந்தத் தேதியில் போட்டோம் என்று அந்தக் காகிதத்தில் எழுதுவது. ‘போட்டாச்சு’ என்ற ஒரு சொல் போதாது, தேதி வேண்டும்.

உண்மையை வாங்கிவிட்டால் கடைக்காரரின் கடமை முடிந்ததா? இனிமேல்தான் தொடங்குகிறது. யோசித்துப் பாருங்கள். எந்தத் தெருவில் எந்த வீட்டில் எந்த நாய் இருக்கிறது, அது எதற்கு அஞ்சும், எதற்கு வசப்படும், எந்தக் கிழமை காலையில் அது வீட்டில் இராமல் கடையில் இருக்கும் — எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. ஒரு திருடனுக்கு இதைவிட நல்ல புத்தகம் யார் எழுதித் தர முடியும்? காவல் நாயின் பலவீனங்களையெல்லாம் எழுதி வைத்த நோட்டுக்கு ஒரு காவல் வேண்டாமா? மேஜைமேல் விரித்தபடி அதைப் போட்டு வைப்பது தகாது. அவசரத்துக்கென்று வாங்கிய தொலைபேசி எண்ணுக்குத் தீபாவளித் தள்ளுபடி விளம்பரம் அனுப்புவதும் தகாது. நாய்க் குளியலுக்கு ஆதார் எண் எதற்கு?

2023-இல் நம் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. கம்ப்யூட்டரில் ஏறுகிற விவரங்களைப் பற்றியது அது. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிக் கேள், காரியத்துக்கு வேண்டியதை மட்டும் கேள் என்பது அதன் சாரம். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ படிக்க வழி செய்ய வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அந்த அட்டவணையில் தமிழ் இருக்கிறது. சட்டம் சொல்லாவிட்டால்தான் என்ன? கோம்பைக்காரருக்கு ஆங்கிலத்தில் காகிதம் நீட்டினால் அவர் புரிந்ததுபோல் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். கையெழுத்துக் கிடைக்கும், விவரம் கிடைக்காது.

நாய்க்கு நாக்கு இருக்கிறது, பேச்சு இல்லை. ‘எனக்கு இங்கே வலிக்கிறது’ என்று அது சொல்லும் முறை ஒன்று உண்டு. அதைத்தான் நாம் கடி என்கிறோம். அந்த முறைக்கு அதைத் தள்ளாமல், முன்கூட்டியே அதற்காகப் பேசுவதுதான் அந்த ஒற்றைக் காகிதம். ஆகையால் வாசக அன்பர்களே, யாரேனும் அப்படி ஒரு காகிதத்தை உங்களிடம் நீட்டினால் அலுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டிலேயே உட்கார்ந்து யோசித்து நிரப்புங்கள். முக்கியமாக, ‘கடிக்காது’ என்று எழுதுமுன் உங்கள் மாப்பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.