மறுபாதி சொல்ல ஆளிருந்த ஊர்

காணை தாண்டி, கண்டாச்சிபுரம் வழியாகத் திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து வந்தவர் என்றால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கெடார் நெருங்குவதைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு கண்டுபிடித்துவிடும். மல்லாட்டை பிடுங்குகிற காலமானால் ஈரமண்ணோடு சேர்ந்த வேர் வாசம். சித்திரையில் வற்றிப்போன ஏரியின் வெடித்த வண்டல் வாசம். ஐப்பசி அடைமழையில் சாலைப் புளியமரங்களுக்கு அடியில் ஊறிக் கிடக்கும் சருகு வாசம். இறங்கி நடக்க ஆரம்பித்த பிறகுதான் சத்தங்கள் வரும். தூரத்தில் ஓடுகிற பம்புசெட்டு, முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற டயர் வண்டி மாடுகளின் சலங்கை, பனைமட்டை ஒன்றோடொன்று உரசுகிற சலசலப்பு. அந்தி சாய்ந்தால் எங்கள் தெருக்கோடியிலிருந்து இரும்பின் கணீர்.

அது மணி இல்லை. தண்டவாளத் துண்டு. மணி வாங்க வக்கில்லாத காலத்தில், விழுப்புரம் ரயிலடியில் வேலை பார்த்த யாரோ ஒருவர் கொண்டுவந்து வேப்பமரத்தில் கட்டிவிட்டது. மரத்துக்குப் பின்னால் ஓடு வேய்ந்த எங்கள் மாதா கோயில். நாலு சுவர், ஒரு பீடம், மூக்கில் லேசாகச் சிராய்த்த ஒரு சுரூபம், சுவரைச் சுற்றிச் சிலுவைப்பாதையின் பதினாலு படங்கள், அவ்வளவுதான். காலை, உச்சி, அந்தி என்று மூன்று வேளையும் உபதேசியார் தாத்தா அந்த இரும்பைத் தட்டித் திரிகால மணி சொல்லுவார். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், கொல்லியில் களை எடுக்கிற பெண்கள் உச்சி மணி கேட்டுத்தான் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள்.

ராத்திரி சாப்பாடு ஆனதும் அத்தை வீட்டுத் திண்ணை. அத்தை என்றால் அப்பாவுக்கு அக்கா. சாணம் மெழுகின தரையில் கோரைப்பாய் விரித்து, வியாகுல மாதா படத்துக்குக் கீழே ஒரு சிம்னி விளக்கு வைப்பாள். மாதாவின் நெஞ்சில் ஏழு வாள்கள். சின்னப்பிள்ளையில் அந்த வாள்களை எண்ணிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். ஐம்பத்து மூன்று மணி செபம் எப்படிச் சொல்லுவோம் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். முன்னவர் மந்திரத்தில் பாதியைச் சொல்லி நிறுத்துவார், மறுபாதியைக் கூட்டம் வாங்கிச் சொல்லும். அத்தைதான் எப்போதும் முன்னவர். அவள் குரல் இறங்கி முடியும் இடத்தில் எங்கள் குரல்கள் ஏறும். கேழ்வரகுக் கூழின் புளிப்பும், மண்ணெண்ணெய் வாடையும், யாரோ ஒரு குழந்தையின் தலையிலிருந்து வரும் விளக்கெண்ணெய் வாசமும் கலந்து, அந்தப் பாதிப்பாதிச் சத்தத்தில் தெரு மெல்லத் தூங்கப்போகும்.

பக்கத்து வீட்டு ஆயா மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு நேர்ந்துகொண்டவள். அமாவாசைக்கு அமாவாசை ஊஞ்சல் பார்க்கப் போய்விட்டு, விடிய விடிய விழித்த கண்ணோடு வந்து எல்லாருக்கும் குங்குமம் கொடுப்பாள். அவளும் திண்ணைக்கு வந்துவிடுவாள். காதில் விழுந்து விழுந்து மறுபாதி அவளுக்குப் பாடமாகியிருந்தது. முன்பாதி தெரியாது. அத்தை முடிப்பதற்குள் ஆயா முந்திக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள். "இரு பெரிம்மா, நான் முடிச்சிக்கிறேன்" என்று அத்தை செபத்துக்கு நடுவிலேயே அதட்டுவாள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

செவ்வாயும் வெள்ளியும் துக்க தேவ ரகசியங்கள். முதல் ரகசியம் ஒலிவத் தோப்பு. நாளைக்கு நடக்கப்போவது தெரிந்து, ஆண்டவர் தரையில் விழுந்து மன்றாடுகிறார். வேர்வை ரத்தத் துளிகளாக விழுகிறது. நாலு சுவிசேஷக்காரர்களில் லூக்கா ஒருவர்தான் அந்த வேர்வையை எழுதிவைத்தார், அவர் வைத்தியராம், அதனால்தான் அவர் கண்ணில் பட்டது என்பார் உபதேசியார் தாத்தா. அத்தைக்கு அந்த ரகசியம்தான் உயிர். அடிவயிற்றில் கட்டி என்று தெரிந்து, ஜிப்மரில் 'கரண்ட்டு' வைக்க ஆரம்பித்த வருஷம் அவள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "சாமிக்கே பயம் வந்து வேத்துச்சிடா. நமக்கு வேர்க்காதா? வேர்த்தா துடைச்சிக்கணும், அவ்ளோதான்."

ஜிப்மர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அங்கே வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அத்தையின் பெயரைக் கூப்பிடுவார்கள், அவள் திரும்பமாட்டாள். சீட்டில் இருந்தது சர்ட்டிபிகேட்டுப் பெயர். ஊரில் அவளுக்கு வழங்கியது ஞானஸ்நானப் பெயர். எங்கள் தெருவில் பாதிப்பேருக்கு இப்படி இரண்டு பெயர்கள். வேதத்தில் சேர்ந்தால் எஸ்.சி. பட்டியலில் இடமில்லை என்று 1950-ஆம் வருஷ ஆணை சொல்லிவிட்டதால், பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, பீடத்துக்கு ஒன்று. நான்தான் முழங்கையால் இடித்து, "உன்னத்தான் கூப்பிடறாங்க அத்த" என்பேன். "இந்தப் பேருல இருக்கறவளுக்குத்தான் நோவு, எனக்கில்ல" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்திருப்பாள்.

அம்மாவுக்கு இருந்தது வேறு மாதிரி நோவு. அப்பா கரும்பு வெட்டுகிற கூட்டத்தோடு வெளியூர் போய்விட்டால் நெஞ்சு படபடக்கும், சோறு இறங்காது, ராத்திரியில் எழுந்து எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பாள். ஊசி போட்ட டாக்டர்கள் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். உபதேசியார் தாத்தா ஒன்றுமில்லை என்று சொல்லமாட்டார். வந்து திண்ணையில் உட்காருவார். என்ன குழம்பு என்று கேட்பார். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பயப்படாதே பயப்படாதேன்னு வேதபுத்தகம் முழுக்க எழுதியிருக்குதே, ஏன்? மனுசன் பயப்படறவன்தான்னு ஆண்டவருக்குத் தெரிஞ்சிருக்குது" என்பார். பிறகு ஒரு சங்கீதத்தை ராகமில்லாமல், கணக்கு வாசிக்கிற குரலில் வாசிப்பார். அம்மா தூணில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்து, அப்படியே கண்ணயர்ந்துவிடுவாள். அவர் சத்தமில்லாமல் எழுந்து, லாந்தரைத் தாழ்த்திக்கொண்டு போய்விடுவார்.

திருக்கோவிலூர் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்சம்மா ஒருத்தர் எங்கள் தெருவுக்குக் குடிவந்திருந்தார். லுத்தரன் சபை. மணி செபம் சொல்லமாட்டார், திண்ணை ஓரத்தில் உதட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எல்லாம் முடிந்ததும் சொந்த வார்த்தையில் ஒரு செபம் ஆரம்பிப்பார் பாருங்கள், தெருவில் இருக்கிற நோயாளி, கர்ப்பிணி, கறவை மாடு ஒன்றையும் விடாமல் போகும். திண்டிவனத்துக் கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். 1890-களின் தொடக்கத்தில், வைத்தியப் பாதிரியார் ஜான் ஸ்கடரின் பங்களாக் கதவை ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் தட்டுகிறார்கள். மூன்று பேரின் பெண்சாதிகளும் பிரசவ வலியில். ஆம்பிளை வைத்தியரை உள்ளே விட முடியாது, பெண் வந்தால் உண்டு என்கிறார்கள். பாதிரியாரின் மகள் ஐடா வைத்தியம் படிக்காதவர், என்ன செய்ய முடியும்? விடிந்தபோது மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அமெரிக்காவுக்கே திரும்பிப்போய்ச் சுகமாக வாழ நினைத்திருந்த அந்தப் பெண், அந்த ராத்திரியைத் தாங்க முடியாமல் செபத்தில் கிடந்து, எழுந்தபோது வேறு ஆளாக எழுந்தார். 1899-ல் டாக்டர் பட்டம், 1900-ல் வேலூர், 1902-ல் ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. கதை முடிந்ததும் நர்சம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "அந்தம்மாவுக்கு ஆண்டவர் ஆறுதல் குடுக்கல. வேலை குடுத்தார்."

பண்டிகைகள் வயிற்றுக்கும் கண்ணுக்கும் வந்தவை. மார்கழிப் பனியில் மூங்கில் சிம்பு வளைத்து, வண்ணத்தாள் ஒட்டிய நட்சத்திரம். தை பிறந்தால், ஜனவரி 23-க்குக் கோணான்குப்பம். வீரமாமுனிவர் எழுப்பின பெரியநாயகி மாதா கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மூட்டை முடிச்சோடு கிளம்புவார்கள். மொட்டை போட்ட தலைகளும் பொரிப் பொட்டலமுமாகத் திரும்புவார்கள். பங்குனி வெயிலில் தபசுகாலம். வெள்ளிக்கிழமைகளில் பதினாலு ஸ்தலங்களுக்கும் முழங்கால் தேய நடப்போம். குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையைச் சிலுவையாக முடைந்து எரவானத்தில் செருகி வைத்தால் இடி விழாது என்பாள் அத்தை. பெரிய வெள்ளியன்று தண்டவாளத்துக்கும் ஓய்வு. மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு உபதேசியார் தெருவில் வருவார். கஞ்சிப் பானையிலிருந்து ஆவி பறக்கும். ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் மேற்கேயிருந்து காவி கட்டிக்கொண்டு எங்கள் சாலையில் வருவார்கள். வெடித்த குதிகால்களுக்கு ஆயா வேப்பெண்ணெய் காய்ச்சிக் கொடுப்பாள். "எந்த ஆத்தாவ பாக்கப் போனா என்னா, கால் நோவு ஒண்ணுதான்."

அத்தையோடு வில்லியனூர் போனது தனிக்கதை. விழுப்புரத்தில் பாண்டிச்சேரி வண்டி ஏறினால் வளவனூர், சின்னபாபுசமுத்திரம் என்று வயலும் தோப்புமாக ஊர்ந்து போகும். லூர்து மாதா கோயிலுக்கு முன்னால் அந்தக் குளம். 1877-லிருந்து சனங்கள் தங்கள் நோவுகளைக் கொண்டுவந்து இறக்கிவைக்கிற படிக்கட்டு. அத்தை ஒரு மருந்து பாட்டிலைக் கழுவி எடுத்து வந்திருந்தாள். தண்ணீரை மொண்டு மூடினாள். தனக்கென்று ஒரு சொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். மிச்சம் முழுக்க ஊருக்கு. ஆயாவின் முட்டிக்கு, அம்மாவின் படபடப்புக்கு, தெக்குவீட்டில் பால்குடிக்காத கன்றுக்குட்டிக்கு. "உனக்கு வேண்டிக்கிட்டியா அத்த?" என்றேன். "கேட்டேன். வலிக்காம இருக்கணும்னு கேக்கல. வலிக்கறப்போ யாராச்சும் பக்கத்துல இருக்கணும்னு கேட்டேன்."

கேட்டது கிடைத்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிய பிறகு ஒரு மாசி மாதம். பங்குச் சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் மினுமினுத்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. திண்ணை கொள்ளாமல் தெருவரைக்கும் சனம். முன்னவர் யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தை கட்டிலில் கிடந்தபடியே மணியைக் கையில் எடுத்தாள். உதடு அசைந்தது. குரல் வரவில்லை. ஒருத்தரும் அவள் வேலையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. அவள் உதடு நிற்கிறவரை காத்திருந்து, சரியாக அந்த இடத்தில் மறுபாதியை எடுத்தோம். ஐம்பத்து மூன்று மணியும் அப்படியே போயிற்று. ஆயா ஒரு தடவைகூட முந்தவில்லை. நர்சம்மா அன்றைக்கு உதட்டை மூடவில்லை.

எல்லாம் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டா தெரியவில்லை. விட்டுவிட்டு வந்தவர்கள் நாம்தானே. புளியமரங்கள் சாலை அகலத்துக்குப் போயின. ஓட்டுக்கோயில் தளம் போட்ட கோயிலாகி, ஒலிபெருக்கி வந்ததும் தண்டவாளத் துண்டு பழைய இரும்புக்காரனின் தராசுக்குப் போனது. பையன்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். உபதேசியார் தாத்தாவும் நர்சம்மாவும் ஆயாவும் ஒருவர்பின் ஒருவராகப் போனார்கள். 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயல் மழையில் அத்தை வீட்டின் மண்சுவரும் கரைந்துபோனது. போன தடவை பார்த்தபோது திண்ணை இருந்த இடத்தில் கருவேலஞ்செடி முளைத்திருந்தது.

அம்மாவின் படபடப்பு இப்போது எனக்கு வந்திருக்கிறது. நகரத்து டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், அது தூக்கமும் தருகிறது, வேண்டாமென்று யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனாலும் நடுச்சாமத்தில் விழிப்பு வந்து உள்ளங்கை வேர்க்கிறபோது அத்தையின் மணியை எடுக்கிறேன். தனியாகச் சொல்லும்போது இரண்டு பாதியையும் நாமே சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் பாதியை முடித்து, பழக்கத்தில் ஒரு கணம் நிறுத்துகிறேன். நம் ஊரில் ஆறுதல் இருந்தது அந்த நிறுத்தத்துக்கு அப்புறம்தான் என்று இப்போது புரிகிறது. ஆண்டவர் நேராக வந்து எங்களிடம் பேசியதில்லை. பத்துப் பதினைந்து தொண்டைகளை வைத்துப் பேசினார். அதில் ஒன்று அங்காளம்மனுக்கு நேர்ந்துகொண்ட தொண்டை.

அத்தை மகன் துபாயில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் போனில் அழைத்து அவன் முன்பாதி சொல்ல, நான் மறுபாதி சொல்வதென்று வைத்துக்கொண்டோம். அவன் குரல் ஒரு நொடி தாமதித்து வந்து சேர்கிறது. முடித்துவிட்டான் என்று நினைத்து நான் ஆரம்பித்தால், அவன் கடைசி வார்த்தை என்மேல் வந்து ஏறிக்கொள்கிறது. மந்திரத்துக்கு மந்திரம் நான் முந்துகிறேன். என்னை அதட்டத்தான் இப்போது ஆளில்லை.