பாட்டியின் விரலும் ஃபெரோசீனும்

காலை ஆறு மணி. பாட்டி விரலை நீட்டினார். தாத்தா மெல்லக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்தார். ஐந்தே விநாடி. திரையில் 64.

"ரொம்ப இறங்கிடுச்சு. முதல்ல சர்க்கரைத் தண்ணி குடி!"

தாத்தா ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். அவருடைய அம்மாவுக்கும் சர்க்கரை நோய். அந்தக் காலத்தில் சிறுநீரோடு பெனடிக்ட் கரைசலைச் சேர்த்துச் சூடாக்கி நிறம் பார்ப்பார்கள். நீலம் மாறாவிட்டால் நிம்மதி. ஆனால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கினாலும் அதே நீலம்தான். அப்படியொரு 'நிம்மதி'க்கு மறுநாள் விடியற்காலையில்தான் அம்மா நினைவிழந்து கிடந்தார்.

"இது மட்டும் எப்படித் தாத்தா உடனே சொல்லுது?" என்றாள் பேத்தி.

1951-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், டூகேன் பல்கலைக்கழகத்தில் கீலி, பாஸன் இருவரும் வேறொன்றைத் தயாரிக்கப் போய், ஆரஞ்சு நிறப் பொருள் ஒன்று கிடைத்தது. அதுதான் ஃபெரோசீன். இரண்டு கார்பன் வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்பு அணு. 1984-ல் பிரிட்டன் விஞ்ஞானிகள் அதைச் சர்க்கரை அளக்கும் கருவியில் தூதராக்கினார்கள். ரத்தச் சர்க்கரையிலிருந்து நொதி எடுக்கும் எலெக்ட்ரானை வாங்கி, மின்முனையில் இறக்கிவிட்டுத் திரும்புவது அதன் வேலை. எவ்வளவு எலெக்ட்ரான் வருகிறதோ, அதுவே திரையில் எண்ணாகிறது.

"எல்லா உலோகமும் இதைச் செய்யாதா?"

"பல உலோகங்கள் செய்யும். வேகம்தான் வேற" என்ற தாத்தா விரல்களை மடக்கினார். எலெக்ட்ரானுக்குச் சுழற்சி என்றொரு குணம் உண்டு. எதிரெதிர் சுழற்சி உள்ள இரண்டு, ஒரு ஜோடி. ஃபெரோசீனின் இரும்பில் இப்படி மூன்று ஜோடி. ஓர் எலெக்ட்ரான் கிளம்பினாலும் மற்ற இரண்டு ஜோடிகள் அப்படியே இருக்கும். மூலக்கூறின் வடிவமும் பெரிதாக மாறாது. அதனால் கொடுக்கல் வாங்கல் சட்டென்று முடிந்துவிடும்.

ஆறு அம்மோனியா சூழ்ந்த கோபால்ட் அப்படியில்லை. ஓர் எலெக்ட்ரான் உள்ளே வந்தால் பழைய ஜோடி பிரிந்து, மூன்று தனித்து நிற்கும். பிணைப்புகளும் நீள வேண்டும். விருந்தாளி ஒருவர் வர வீட்டையே மாற்றிக் கட்டுவது மாதிரி. ஃபெரோசீனைவிடப் பல கோடி மடங்கு மெதுவு.

"இப்போ வேற தூதர்களும் வந்தாச்சு. ஆனா எல்லாமே சட்டுனு கை மாத்தறதுதான்."

கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். 96. தாத்தா டைரியில் குறித்துக்கொண்டார்.

"எலெக்ட்ரானெல்லாம் வேலையை முடிச்சிடுச்சு. நீங்க காபியைக் குடிங்க, ஆறுது" என்றார் பாட்டி.